ஆறு பேர், இரண்டு முட்டி வலி, ஒரு மலேசியா: டிராவல்ஸ்காரரிடம் போகலாமா, நாமே போடலாமா?

ஆழியாற்றங்கரை | ஜனவரி 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஏப்ரல் கடைசியில் மலேசியா, சிங்கப்பூர் போகலாம் என்று இருக்கிறோம். அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா (அத்தைக்கு 71 வயது), நான், மனைவி, பத்து வயசுப் பையன். ஆக ஆறு பேர். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று அத்தை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கும் அத்தைக்கும் முட்டி வலி.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஒரே ராத்திரியில் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டான். கோவையிலிருந்து சிங்கப்பூர், மூன்று நாள் அங்கே, பிறகு பஸ்ஸில் கோலாலம்பூர், அங்கிருந்து கொச்சிக்கு விமானம். "எல்லாம் போனிலேயே இருக்கு, டிராவல்ஸ்காரனுக்கு எதுக்குண்ணா தண்டம்?" என்கிறான்.

நேற்று பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீசில் சும்மா விசாரித்தேன். அங்கே இருந்த அம்மா ரேட்டே சொல்லவில்லை. அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார்கள். கடைசியில், "என் கூலி ஒருத்தருக்கு 1,500, டிக்கெட், ஓட்டல் பில் தனி" என்றார்கள். அதாவது 9,000 ரூபாய். கொடுக்கலாமா?

கொல்லங்கோட்டு மாங்காய் | ஜனவரி 9, இரவு 10:15

வேண்டவே வேண்டாம் அண்ணா. நானும் என் கூட்டாளிகளும் தாய்லாந்து, வியட்நாம் இரண்டையும் போனிலேயே போட்டுப் போய்வந்தோம். அவர்கள் பார்க்கும் அதே திரையைத்தான் நாமும் பார்க்கிறோம். 9,000 என்பது அங்கே இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு.

பழைய டிக்கெட் கவுண்டர் | ஜனவரி 10, காலை 7:05

மாங்காய் தம்பி சொல்வதில் பாதி சரி. நான் எறணாகுளத்தில் ஒரு டிக்கெட் ஆபீசில் 22 வருஷம் உட்கார்ந்தவன். இப்போது ரிட்டையர்டு. யாரிடமும் கமிஷன் இல்லை, அதனால் தைரியமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1,500. ஒரு காலத்தில் டிக்கெட்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஏர்லைன்ஸ் எங்களுக்குக் கமிஷன் கொடுத்தது. அது மெலிந்துகொண்டே வந்து 2008 வாக்கில் இங்கே கிட்டத்தட்ட ஓய்ந்தே போனது. அப்புறம்தான் சர்வீஸ் சார்ஜ் என்ற பேச்சே வந்தது. ஓட்டல், இன்சூரன்ஸ், ஊர் சுற்றும் வண்டி ஆகியவற்றில் இன்னும் கமிஷன் உண்டு. அதனால் கூலியை முகத்துக்கு நேரே சொல்பவர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. "உங்களுக்கு எல்லாமே ஃப்ரீ சார்" என்பவரைத்தான் இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பேன்.

அடுத்து ஆறு பேர் விவகாரம். ஒரே விமானத்தின் சாதா சீட்டுகளையே பல விலைத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவுத் தட்டில் நாலு சீட்டுதான் மிச்சம் என்று வையுங்கள். ஆறு பேருக்குத் தேடினால் பல சமயம் ஆறு பேருக்குமே மேல்தட்டு விலையைக் காட்டும். நாலு, இரண்டு என்று பிரித்துத் தேடினால் நாலு பேருக்குக் குறையும். இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம், ரகசியம் இல்லை. ஆனால் பிரித்தால் பிஎன்ஆர் (புக்கிங் எண்) இரண்டாகிவிடும். விமானம் ரத்தாகி வேறு விமானத்தில் ஏற்றும்போது நாலு பேர் காலையில், இரண்டு பேர் ராத்திரியில் என்று ஆகலாம். அப்போது அத்தை யாரோடு இருப்பார்கள்? இதை முன்கூட்டியே யோசித்து ஆட்களைப் பிரிக்கத்தான் ஒரு ஆள் வேண்டும்.

வீல்சேர் கேட்டீர்களா? அதிலும் மூன்று வகை. படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார் என்றால் ஒரு கோட் (குறியீடு). படியே ஏற மாட்டார் என்றால் வேறு. சீட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் மூன்றாவது. தப்பான கோட் போட்டால் விமான வாசலில் ஏணிப்படி முன்னால் நிற்க வைத்துவிடுவார்கள். அந்த அம்மா இதைக் கேட்டார்களா என்று சொல்லுங்கள்.

ஆழியாற்றங்கரை | ஜனவரி 10, காலை 8:30

கேட்டார்கள் சார்! "அத்தை வீட்டு மாடி ஏறுவாங்களா?" என்று கேட்டார்கள். எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது.

அமிர்தா எக்ஸ்பிரஸ் | ஜனவரி 10, காலை 11:20

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். என் கதையைக் கேளுங்கள். இரண்டு வருஷம் முன்னால் கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா போனேன், மகள் அங்கே படிக்கிறாள். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகப் போட்டேன். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட 11,000 ரூபாய் குறைவு. பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயில் ஏற வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாகப் போயிருக்கும். நான் இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, ரயில் பிடித்து, அங்கே போய் நின்றபோது கவுண்டர் மூடிவிட்டது. இரண்டாவது கம்பெனிக்கு நான் "வராத பயணி". முதல் கம்பெனியோ "உங்களை இறக்கிவிட்டோமே, அதோடு எங்கள் வேலை முடிந்தது" என்றது. இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரிதான். ராத்திரி பதினொரு மணிக்கு 38,000 கொடுத்துப் புது டிக்கெட் எடுத்தேன்.

ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஒரு ஆலோசகர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வரிதான்.

கொல்லங்கோட்டு மாங்காய் | ஜனவரி 10, காலை 11:48

அண்ணே, இதை யூடியூபில் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாமே.

அமிர்தா எக்ஸ்பிரஸ் | ஜனவரி 10, மதியம் 12:02

தெரிந்துகொள்ளலாம் தம்பி. பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு.

சித்தூர் மாஷ் | ஜனவரி 10, மாலை 4:10

யாருமே பெயர் விஷயத்தைத் தொடவில்லை. நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய தலைவலியே அதுதான். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. என் பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது, பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேனோ, அந்தப் பாவம் என்னையும் பிடித்தது.

2022 நவம்பரில் யுஏஇ ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. உள்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. துபாயில் இருக்கும் மகனைப் பார்க்க நான் கிளம்பியது சரியாக அந்த மாதம். திருச்சூரில் எனக்கு டிக்கெட் போட்ட பையன் முதல் நாள் ராத்திரியே போன் பண்ணி, "மாஷே, பாஸ்போர்ட் கடைசிப் பக்கம் போட்டோ அனுப்புங்க" என்றான். போன் பண்ண ஆள் இல்லாமல் நெடும்பாசேரியில், கொச்சி ஏர்போர்ட்டில், போய் நின்றிருந்தால்?

டிக்கெட்டில் பெயரை ஒரு எழுத்து மாற்றிப் போட்டாலே சில ஏர்லைன்ஸ் காசு கேட்கும். நம் பிள்ளைகள் அவசரத்தில் முதல் பெயர்க் கட்டத்தில் இனிஷியலைப் போட்டுவிடுவார்கள். ஆறு பேருக்கு ஆறு தடவை தப்பு நடக்க வாய்ப்பு. அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) உட்கார்ந்து பாஸ்போர்ட் ஃபாரம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கட்டத்தின் மகிமை தெரியும்.

குமுளிக் குளிர் | ஜனவரி 10, இரவு 8:55

எல்லோரும் டிராவல்ஸ்காரர்களை மாலை போட்டு ஊர்வலம் விடுகிறீர்கள். என் அனுபவத்தையும் கேளுங்கள்.

போன வருஷம் மாமனார் மாமியாரை ஒரு டிராவல்ஸ் மூலம் காசி, கயா, அயோத்தி அனுப்பினோம். பெயர் வேண்டாம். பேப்பரில் "கங்கைக் கரையில் தங்கல்" என்று இருந்தது. அங்கே கரை எங்கே, ஓட்டல் எங்கே! ஆட்டோவில் அரை மணி நேரம். கயாவில் பிண்டம் வைக்கக் கூட்டிப்போன ஆள் தட்சிணையைத் தனியாகப் பேசிக் கறந்துவிட்டார். எல்லாவற்றையும்விட மோசம், தினமும் ஒரு பட்டுக்கடை. மாமியார் வாங்கவில்லை என்றதும் டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். நகரத்தார் சத்திரத்தில் சொல்லி வைத்திருந்தால் நம்ம சாப்பாடு, நம்ம பேச்சு என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அவர்களும் ஆலோசகர் என்றுதான் போர்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய டிக்கெட் கவுண்டர் | ஜனவரி 10, இரவு 9:30

குமுளி அக்கா சொல்வது நியாயம். போர்டை மாற்றுவது எளிது. அமெரிக்காவில் அவர்கள் சங்கமே 2018-இல் தன் பெயரில் இருந்த "ஏஜென்ட்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "அட்வைசர்" என்று வைத்துக்கொண்டது. ஆள் மாறினாரா என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு உரைகல் சொல்கிறேன். கடையில் ஏற்கெனவே கட்டி வைத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினால் அவர் விற்பவர். உங்களைக் கேள்வி கேட்டுவிட்டு, சில சமயம் "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொன்னால் அவர் ஆலோசகர். நீங்களும் அவரைக் கேளுங்கள்: உங்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ரத்து செய்தால் ஏர்லைன்ஸ் எவ்வளவு பிடிக்கும், நீங்கள் எவ்வளவு பிடிப்பீர்கள்? ஓட்டல் பெயர் என்ன? ("அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருந்தால் அந்த இணை எது?) எல்லாம் எழுத்தில் வேண்டும், வாட்ஸாப்பிலாவது வேண்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. காசிக்கே போய் வழக்காட வேண்டியதில்லை அக்கா, இடுக்கி மாவட்டத்திலேயே போடுங்கள்.

செங்கோட்டைக் கணவாய் | ஜனவரி 11, காலை 6:50

புனலூர் வரைக்கும் ரயிலில் போய்வருகிற என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே. மதுரைக்கு டிக்கெட் போட எதற்கு ஆலோசகர்? தட்கலில் இப்போது கவுண்டர் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் போடவே முடியாது, 2025 ஜூலையிலிருந்து அப்படி. அதற்குள் நாமே ஆதார் ஓடிபி போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஆழியாற்றங்கரை | ஜனவரி 11, இரவு 10:20

ஒரு விஷயம் சொல்ல வந்தேன். கை இன்னும் நடுங்குகிறது.

அந்த அம்மா எல்லோருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இன்று மாலை போன் வந்தது. அப்பா பாஸ்போர்ட் ஆகஸ்டில் முடிகிறதாம். மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கும். ஏப்ரல் கடைசி முதல் எண்ணினால் நாலு மாதம் கூட இல்லை. விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள் என்றார்கள். தம்பியின் திட்டப்படி நேற்றே டிக்கெட் போட்டிருந்தால் அப்பாவை வாசலில் விட்டுவிட்டுத்தான் போயிருப்போம். நாளைக்கே புதுப்பிக்கக் கொடுக்கிறோம்.

இன்னும் கேளுங்கள். "வீட்டில் யாராவது தூக்க மாத்திரை சாப்பிடுவாங்களா?" என்றார்கள். அத்தை சாப்பிடுகிறார்கள். சிங்கப்பூருக்குள் சில தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றைக் கொண்டுபோக அவர்கள் சுகாதாரத் துறையில் முன்அனுமதி வாங்க வேண்டுமாம். டாக்டர் சீட்டை அனுப்புங்கள், எந்த மாத்திரை என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். அடுத்த கேள்விதான் உச்சம்: "வெற்றிலை போடுறவங்க இருக்காங்களா? புகையிலையோடயா?" மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. அத்தையின் சுருக்குப்பையில் முருகன் படமும் புகையிலையும் ஒன்றாகத்தான் இருக்கும்.

எந்த ஆப் இதைக் கேட்கும்?

கொல்லங்கோட்டு மாங்காய் | ஜனவரி 11, இரவு 10:41

சரி அண்ணா, புகையிலையை நான் யோசிக்கவில்லை. எங்கள் செட்டில் யாரும் அறுபது தாண்டவில்லை. :)

ஆனாலும் ஓட்டலை நீங்களே தேடிப் பாருங்கள். அதில் கண்டிப்பாகக் காசு மிச்சமாகும்.

மூணாறு தேயிலை | ஜனவரி 12, காலை 9:15

அந்த சிங்கப்பூர்–கோலாலம்பூர் பஸ் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே! சுமார் 350 கிலோமீட்டர். வழி சீராக இருந்தால் ஐந்தாறு மணி நேரம். ஆனால் எல்லையில் இருக்கும் ஜொகூர் பாலத்தில் இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும். நுழைகிற நாட்டுப் பக்கத்தில் பெட்டியையும் சேர்த்து இறக்கி, இழுத்துக்கொண்டு வரிசையில் நின்று, மறுபடி பஸ்ஸைத் தேட வேண்டும். என் அண்ணி அங்கே பஸ்ஸைத் தவறவிட்டு அழுதுவிட்டாள். முட்டி வலிக்காரர்களோடு அந்த வழி வேண்டாம்.

மேலும் மே 1 இரண்டு நாட்டிலும் லீவு. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை வருகிறது. அந்த வார இறுதியில் பாலத்தின் மேல் நீங்கள் குடித்தனமே நடத்தலாம்.

ஆழியாற்றங்கரை | ஜனவரி 12, மாலை 6:00

அக்கா, அந்த அம்மாவும் திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். முதலில் கொச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூர். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 28 செவ்வாய்க்கிழமை, தனி வேனில் சிங்கப்பூர். அதில் வண்டியை விட்டு இறங்காமலே இமிக்ரேஷன் முடியுமாம். மே 1 அன்று சிங்கப்பூரிலிருந்து நேராகக் கோவை. "களைப்போடு திரும்பும்போது வீட்டுக்குப் பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்கணும், தெம்பா இருக்கும்போது தூரத்து ஏர்போர்ட்டுக்குப் போகணும்" என்றார்கள். இவ்வளவு எளிய விஷயம், எனக்கும் தம்பிக்கும் தோன்றவே இல்லை.

நெடும்பாசேரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். குதிரான் சுரங்கம் வந்த பிறகு அந்தப் பக்கம் சுகம்தான், ஆனால் மண்ணுத்தி தாண்டினால் யார் கண்டது! 2025 ஆகஸ்டில் பாலியேக்கரை டோலையே கோர்ட் நிறுத்தி வைக்கிற அளவுக்கு நெரிசல் இருந்த சாலை அது. இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் விசாவுக்கு எப்படியும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டுமாம், அல்லது அங்கே ஆள் இருக்க வேண்டும். நமக்கு ஆள் இல்லை.

அமிர்தா எக்ஸ்பிரஸ் | ஜனவரி 12, இரவு 7:25

டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் சேர்த்து வெளிநாட்டுப் பேக்கேஜாக பில் போட்டால் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 என்று வைத்தார்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் பில் போடும் நாளில் என்ன விகிதம் என்று எழுதி வாங்குங்கள். இது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதனால் யாருடைய பான் கார்டில் பில் என்பது முக்கியம். கணக்குத் தாக்கல் செய்கிறவர் பெயரில் போடுங்கள், அத்தை பெயரில் போட்டுவிடாதீர்கள்.

சித்தூர் மாஷ் | ஜனவரி 13, காலை 5:55

இன்சூரன்ஸையும் விட்டுவிட வேண்டாம். பல திட்டங்களில் 70 வயது ஒரு கோடு, அதைத் தாண்டினால் பிரீமியம் எகிறும். பிரஷர், சுகர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெயிம் அன்று அதையே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. 2025 ஜூன் 23 ராத்திரி கத்தார் வான்வெளியை மூடியது நினைவிருக்கிறதா? என் தங்கை மகன் ஜெர்மனியிலிருந்து தோஹா வழியாக வந்துகொண்டிருந்தான். விமானம் பாதியிலேயே திரும்பிவிட்டது. ஏர்லைன்ஸ் போன் வரிசையில் அவன் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்டான். அவனுக்கு டிக்கெட் போட்ட கோட்டயத்துக்காரர் விடியற்காலையில் இங்கிருந்தே வேறு வழியில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். எல்லா ஏஜென்டும் அப்படி எழுந்திருக்க மாட்டார்கள், அதுவும் உண்மை. அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்: ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் போனை எடுப்பீர்களா?

ஆழியாற்றங்கரை | மே 6, இரவு 9:10

நண்பர்களே, போய்வந்துவிட்டோம். இந்த இழையைத் தொங்கவிட்டுவிட்டுப் போனால் சரியில்லை என்று எழுதுகிறேன்.

எல்லாம் வெண்ணெயாகப் போனது என்று சொல்ல மாட்டேன். கோலாலம்பூரில் முதல் நாள் காலை வண்டி வரவில்லை. இங்கே விடிவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு அடித்தேன், மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள். நாற்பது நிமிஷத்தில் வேறு வண்டி வந்தது. சிங்கப்பூர் ஓட்டல் சிராங்கூன் சாலைக்குப் பக்கம், கோவிலும் சாப்பாடும் காலடியில். ஆனால் அறை தீப்பெட்டி. அதே ஓட்டலைத் தம்பி போனில் ராத்திரிக்கு 700 ரூபாய் குறைவாகக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பி வெறுப்பேற்றினான். மாங்காய் தம்பி, அதில் நீ ஜெயித்தாய்.

மற்றபடி வேனில் இருந்தபடியே பாலம் தாண்டினோம். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், அதிகாரி கண்ணாடியைத் தட்டித்தான் முகத்தைப் பார்த்தார்.

பத்துமலையில் 272 படி. அத்தை ஏறவில்லை. ஏற வேண்டாம், 140 அடி முருகன் கீழேதான் நிற்கிறார் என்று டிராவல்ஸ் அம்மா முன்பே சொல்லி மனசைத் தயார் செய்து வைத்திருந்தார்கள், அதனால் ஏமாற்றம் இல்லை. அடியில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பையன் அத்தைக்காகப் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினான். ஏறும்போது 272, இறங்கும்போது 269 தான் வருகிறது என்று இன்னும் சண்டை போடுகிறான். நடுவில் ஒரு குரங்கு மனைவியின் பையிலிருந்த முறுக்கைப் பறித்துக்கொண்டு போனது.

அத்தை புகையிலை இல்லாமல் ஏழு நாள் இருந்துவிட்டார்கள். கோவையில் இறங்கி வேலந்தாவளம் வருவதற்குள் மூன்று பெட்டிக்கடையில் காரை நிறுத்தச் சொன்னார்கள்.

கொல்லங்கோட்டு மாங்காய் | மே 6, இரவு 9:32

அண்ணா, என் அம்மாவும் சித்தியும் காசி போகணும் என்கிறார்கள். அந்த அம்மா நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். 1,500-இல் கொஞ்சம் குறைப்பார்களா?